நூற்று நாற்பத்து மூன்று இடங்கள்

பிப்ரவரி 26, வியாழன்

கண் அறுவை சிகிச்சை முடிந்து அக்கா சனிக்கிழமை இங்கே வருகிறாள். அதனால் இன்று மாலை முழுவதும் புத்தகம் ஒளிக்கிற வேலை.

ஐந்தே ஐந்துதான். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைத்து, மேலே பழைய போர்வையைத் திணித்து மூடினேன். சமையல் புத்தகம், துறைத் தேர்வு வழிகாட்டி, எடையளவுச் சட்டம் எல்லாம் அலமாரியிலேயே இருக்கட்டும். பார்த்தால் என்னை உப்புச்சப்பில்லாத ஆள் என்று நினைப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

மூடுவதற்கு முன் வரிசைப்படுத்தினேன். நான் பெரிய படிப்பாளி ஒன்றும் இல்லை. பேருந்திலும் மதிய இடைவேளையிலும் படிக்கிறவன். ஆனால் தன்பால் காதல் கதை என்றால் இருபது வருடமாகக் கைக்குக் கிடைத்த எதையும் விட்டதில்லை. ஆகவே என் தீர்ப்பில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

முதலிடம், படகுக் கதைக்கு. ஆற்றில் படகு ஓட்டுகிறவனும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரும். முக்கால்வாசிப் புத்தகம் வரை இரண்டு பேரும் தண்ணீர் மட்டத்தைப் பற்றியே பேசுவார்கள். படிக்கிற நமக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, துப்பறியும் கதை. மூன்றாம் பக்கத்தில் பிணம். துப்பறிகிறவருக்கு வீட்டில் ஒரு துணைவர். கொலை செய்தது யார் என்பதைவிட, துணி காயப்போடுவது யார் என்பதில்தான் சண்டை அதிகம். பிணத்தின் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் அழுவதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது, ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கும் இரண்டு விதவைகள். லிஃப்ட் பழுதாகிறது, மேல் மாடிக்காரி நடு மாடியில் மூச்சு வாங்க உட்காருகிறாள், சிநேகம் ஆரம்பிக்கிறது. நான்காவது, விண்வெளி. விஞ்ஞானம் முழுக்க ஓட்டை. ஆனால் அந்த இரண்டு பொறியாளர்களும் கண்ணாடிக் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று கையை வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஐந்தாவதில் ஒருவன் செத்துப்போவான். எனக்கு ஒரு விதி உண்டு: கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பேன். இரண்டு பேரும் உயிரோடு இருந்தால்தான் முதல் பக்கத்துக்கே வருவேன். மழையில் நனைந்துகொண்டு முத்தம் கொடுத்தாலும் மூடி வைத்துவிடுவேன் — காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? இந்த ஐந்தாவது மட்டும் விதிவிலக்கு. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. ஆணி வெளியூர் வேலைக்குப் போயிருந்த வாரத்தில் படித்தது.

ஆணி என்பது நான் வைத்த பெயர். நாற்காலி, சோபாவுக்கு மெத்தை வைத்துத் துணி போர்த்துகிற தொழில். வாயில் எப்போதும் நாலைந்து சின்ன ஆணி இருக்கும். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் சேர்ந்து வாழ்கிறோம். அக்காவைப் பொறுத்தவரை இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

அவனும் இன்று பெட்டி கட்டினான். வழக்கமான அதே அட்டைப் பெட்டி. சட்டைகள், சவரக் கத்தி, செருப்பு, இரண்டாவது பல் துலக்கும் பிரஷ். அக்கா வரும்போதெல்லாம் அது பட்டறை மாடிக்குப் போகும், அவள் போனதும் திரும்பும். இதுவரை இரண்டு நாள், மூன்று நாள். இந்த முறை பதினைந்து நாளுக்கு மேல்.

பெட்டியை ஒட்டிவிட்டு, வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு சொன்னான்: "இதுதான் கடைசி. இன்னொரு தடவ என்னைக் கட்ட வெச்சா, அது திரும்பி வராது. நானும் வர மாட்டேன்."

சரி என்றேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

அக்காவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனை வராண்டாவில் அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "எங்கயாவது காபி கிடைக்குமா?" என்றார்.

பிப்ரவரி 28, சனி

அக்கா வந்தாயிற்று. அத்தான் வேலைக்கு விடுப்பு இல்லாமல் இரவு ரயிலுக்கே திரும்புகிறார். கண் மருத்துவமனை இந்த ஊரில் இருப்பதால் அவளுக்கு இங்கே வாசம்.

விழித்திரை பிரிந்துவிட்டது. அதை ஒட்ட வைத்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். குமிழி மேல் நோக்கிப் போய் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் குப்புற, பத்து நிமிடம் விடுதலை. சமையலறைக் கடிகாரத்தில் மணி வைத்திருக்கிறேன்.

இதற்கென்று ஆணி, கட்டில் ஓரத்தில் நீட்டி மாட்டுகிற மாதிரி ஒரு பலகை செய்து வைத்துவிட்டுத்தான் போனான். நடுவில் முகம் வைக்க ஓட்டை, சுற்றிலும் மெத்தென்று பஞ்சு, மேலே மழமழப்பான துணி. அவள் முகத்தின் அளவுக்குப் பழைய போட்டோவைப் பார்த்து வெட்டினான்.

அக்கா படுத்துப் பார்த்து, "அப்பாடா" என்றாள். "எங்கடா வாங்கின?"

"கடையில."

ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். "கடையில இவ்வளவு நெருக்கமா ஆணி அடிக்க மாட்டாங்களே."

"நல்ல கடை."

அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். முப்பது வருடமாக அடுத்தவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறவள். அவளுக்கு இப்போது தெரிவதெல்லாம், நல்ல கண்ணுக்கு எட்டுகிற தரையும், வருகிறவர் போகிறவர் கால்களும்தான். ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் பெயர்ந்து கிடக்கும் டைலில் வந்ததுமே இடித்துக்கொண்டாள். "இதை ஒட்ட மாட்டியா? சோம்பேறி."

மார்ச் 1, ஞாயிறு

ரேடியோ வேண்டாமாம், கத்துகிறதாம். செய்தித்தாள் படித்தேன், விளம்பரத்தையும் விடாமல் படிக்கச் சொல்லிவிட்டு, அலுத்துக்கொண்டாள். எடையளவுச் சட்டம் எடுத்தேன். பதினான்காம் விதி வரை பொறுத்தாள்.

"டேய், உனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு படி. எனக்குப் பிடிக்குமான்னு யோசிக்காத. உனக்குப் பிடிச்சது."

என்னிடம் இப்படி யாரும் கேட்டதே இல்லை. இருபது வருடமாக மனதுக்குள்ளேயே முதல் பரிசு, இரண்டாம் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆணியிடம் சொன்னால் தலையாட்டுவான்; அவன் வாசிப்பதெல்லாம் அளவு குறித்த சீட்டும் வார்னிஷ் டப்பாவும்தான். பிடித்துப்போன புத்தகத்தை யாருக்காவது கொடுக்காமல் இருப்பது பெரிய அவஸ்தை. கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். படகுக் கதை.

வழி கண்டுபிடித்துவிட்டேன். கணக்கு வாத்தியாரைக் கணக்கு டீச்சர் ஆக்கிவிட்டேன்! படிக்கப் படிக்கவே மாற்றிக்கொண்டு போகிறேன். ஒரு தடங்கலும் இல்லை. அவளுக்கு என் முகமும் தெரியாது, பக்கமும் தெரியாது. இந்தச் சாமர்த்தியத்துக்கு நான் நாடகத்தில் சேர்ந்திருக்க வேண்டியவன்.

அக்கா கை சும்மா இருப்பதில்லை. பலகை ஓட்டைக்குக் கீழே ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஏதோ கிறுக்குகிறாள். மருந்து நேரமாக இருக்கும்.

மார்ச் 2, திங்கள்

அறுபது பக்கம். "டீச்சர் நல்ல தைரியசாலிடா" என்கிறாள். எனக்கு ஒரே பெருமை, நானே பெற்று வளர்த்த மாதிரி.

மார்ச் 3, செவ்வாய்

ஆணி போனில்: "பலகை சரியா இருக்கா?" இருக்கிறது என்றேன். "சரி." அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 4, புதன்

இன்று மாட்டிக்கொண்டேன்.

பதினோராம் அத்தியாயம். எனக்கு மனப்பாடம் என்கிற நம்பிக்கையில் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அந்த அத்தியாயத்தில் வாத்தியார் படகிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டிருப்பார். படகோட்டி கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து, அவருக்குச் சவரம் செய்துவிடுவான். புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். நான் உருகிப்போய், "படகோட்டி டீச்சர் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவினான்" என்று படித்தே விட்டேன்.

கீழேயிருந்து குரல்: "எதுக்கு?"

"...பல்வலி. பல்வலிக்கு மருந்து."

"சோப்பா?"

"நுரை மாதிரி ஒரு மருந்து."

அடுத்த வரியில் கத்தி வருகிறது. தாண்டிவிடலாம் என்று பார்த்தால், ஒன்றரைப் பக்கத்துக்குக் கத்திதான். நான் தடுமாறி, "கத்தியை மெதுவாக" என்றதும் அக்கா, "பல்வலிக்குக் கத்தி எதுக்குடா?" என்றாள். நல்லவேளை, கடிகாரம் மணி அடித்தது. அவள் எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டு, "பாவம், அந்த டீச்சர்" என்றாள்.

குளியலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆணியிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

அரை நாள் வேலை. மார்க்கெட்டில் பதினேழு தராசு சோதித்து, இரண்டுக்கு முத்திரை மறுத்தேன். ஒன்றில் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்தது. "எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?" என்றான் கடைக்காரன். இருபது வருட அனுபவம் என்றேன், காலரைத் தூக்கிவிடாத குறை.

திரும்பும் வழியில் பட்டறை. ஆணி ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்பிரிங் கட்டிக்கொண்டிருந்தான். பல்வலிக் கதையை நடித்தே காட்டினேன். சிரிப்பான் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டான். பிறகு சொன்னான்:

"என்னை வீட்ல இருந்து அனுப்பினே. இப்ப கதையில இருக்கவனையும் அனுப்பிட்டியா?"

அவன் நாற்காலி பக்கம் திரும்பிக்கொண்டான்.

மார்ச் 6, வெள்ளி

படிக்கவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

என்ன பெரிய தப்பு பண்ணிட்டேன்? அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு நினைச்சுத்தான் — என்ன ஆகும்? அடிப்பாளா? சாப்பிடாம கிடப்பாளா? ஒண்ணும் தெரியல. ஒன்பது வருஷமா ஒரு தடவகூட யோசிச்சுப் பார்க்கல. பெட்டி கட்டறது சுலபமா இருந்துச்சு, அதான். கட்டினது நானும் இல்ல, அவன்.

அடுத்தவர் தட்டுக்கு அடியில் இருக்கிற காந்தம் கண்ணுக்குத் தெரிகிறது.

மார்ச் 7, சனி

மருத்துவர் பார்த்தார். குமிழி ஒழுங்காக வேலை செய்கிறது, இன்னும் நாலைந்து நாள் குப்புற என்றார். வீட்டுக்கு வந்து, அவள் பத்து நிமிட விடுதலையில் உட்கார்ந்திருந்தபோது, புத்தகத்தை எடுக்கட்டுமா என்றேன்.

"உக்காரு. இன்னைக்கு நான் படிக்கிறேன்."

அந்த நோட்டை எடுத்து நல்ல கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டாள். பக்கம் பக்கமாகச் சுருக்கெழுத்து.

"முதல் நாள். 'படகோட்டி, ஏறி வந்த' — நிறுத்தம் — 'டீச்சரைப் பார்த்தான்.' அப்புறம், 'அவன் கையை நீட்டியதும்' — நிறுத்தம் — 'டீச்சர் பிடித்துக்கொண்டாள்.' ரெண்டாவது நாள்..." வாசித்துக்கொண்டே போனாள், சாட்சியின் வாக்குமூலத்தை வாசிக்கிற குரலில்.

"முப்பது வருஷமா கூண்டுல நிக்கறவங்க பேச்சைக் கேட்டு எழுதறேன். ஞாபகம் வராம நிறுத்தறது ஒரு மாதிரி இருக்கும். ஞாபகம் இருக்கறதை மாத்தறதுக்கு நிறுத்தறது வேற மாதிரி இருக்கும். நீ மாத்தின இடம் நூத்து நாப்பத்து மூணு. கோர்ட்டா இருந்தா உன்னைக் கூண்டுலேர்ந்து இறக்கி விட்டிருப்பாங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"அந்த டீச்சர் ஆம்பளையா?"

"ஆமா."

"ரெண்டு ஆம்பளைங்க காதல் கதை. சரி. அதை ஏன் எங்கிட்ட மாத்திப் படிக்கணும்? பிடிக்கலன்னா நிறுத்துன்னு சொல்லியிருப்பேன். கதைதானே?"

கதை மட்டும் இல்லை அக்கா என்றேன். இந்த வீட்டில் இன்னொருத்தர் இருக்கிறார் என்றேன்.

"உறவு?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பேர், வயது, தொழில் எல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் கேட்டாள்.

"சேர்ந்து இருக்கோம். ஒன்பது வருஷமா. ஒரு மாதிரி புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு—"

"மாதிரி வேணாம். நேரா சொல்லு."

"நான் அவனைக் காதலிக்கிறேன். அவனும்தான்."

கடிகாரம் அடித்தது. அக்கா பலகையில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். அங்கிருந்து, தரையைப் பார்த்தபடி, கேள்விகள் வந்தன.

"இப்ப எங்க இருக்காரு?"

"அவன் பட்டறை மாடியில."

"எத்தனை நாளா?"

"நீ வந்ததிலேர்ந்து."

"போன வருஷம் வந்தேனே, அப்ப?"

"அப்பவும்."

"அதுக்கு முன்னாடி?"

"எல்லாத் தடவையும்."

அவள் முதுகு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஒன்பது வருஷமா நான் ஒருத்தரை அவர் வீட்டை விட்டுத் துரத்திக்கிட்டு இருக்கேன். எனக்கே தெரியாம." குரல் உடைந்தது. அழுதால் கண்ணுக்கு ஆகாதே என்று பதறினேன். "என்னை என்ன நினைச்சே நீ? நான் யாரு உனக்கு? போடா. கதவைச் சாத்திட்டுப் போ."

மார்ச் 8, ஞாயிறு

சொட்டு மருந்து, சாப்பாடு, மணி. இதைத் தவிரப் பேச்சு இல்லை. அத்தான் போனில் வந்தபோது, "நல்லாத்தான் பார்த்துக்கறான்" என்றாள். எனக்கு அது இன்னும் வலித்தது.

மாலையில் ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பலகை?"

"அவன் செஞ்சது."

"தெரியும்" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

காலையில் கூப்பிட்டாள். "புத்தகத்தை எடு. பதிவைத் திருத்தணும்."

நோட்டைப் பார்த்து அவள் இடம் சொல்லச் சொல்ல, நான் அந்த வரியை உள்ளபடி படித்தேன். நூற்று நாற்பத்து மூன்றும். வாத்தியார் ஒவ்வொரு இடமாக வந்து, தன் இடத்தில் நின்றுகொண்டார். பதினோராம் அத்தியாயத்தை முழுசாகப் படிக்கச் சொன்னாள். வெந்நீர்க் கிண்ணம், நுரை, கத்தி, தாடையை நிமிர்த்திப் பிடிக்கிற படகோட்டியின் கட்டைவிரல்.

முடித்ததும், "இதையா பல்வலின்னு சொன்ன? படுபாவி" என்றாள்.

பிறகு: "இதோ பாரு. எனக்கு எல்லாம் உடனே புரிஞ்சிடும்னு நினைக்காத. என் தம்பின்னா ஒரு மாதிரி நினைச்சு வெச்சிருந்தேன், அதை மாத்திக்கணும். கொஞ்ச நாள் ஆகும். அது என் பாடு. ஆனா அந்த மனுஷன் பெட்டி தூக்கறதுக்கு என்னைக் காரணமாக்காத."

"மன்னிச்சிடு அக்கா."

"எங்கிட்ட கேக்கறது சரி. அங்க கேட்டியா?"

மார்ச் 10, செவ்வாய்

பட்டறை.

"அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

சொன்ன சொல்லை மாற்றாமல் சொன்னேன். 'மாதிரி' என்று ஆரம்பித்ததையும் அவள் தடுத்ததையும் சேர்த்து. ஆணி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான்.

"அழுதாங்களா?"

"கோபப்பட்டா."

"யார் மேல?"

"எம்மேல."

"நல்லவங்க." சுத்தியலை மறுபடி எடுத்துக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து, பல்வலிக்கும் சேர்த்து. வீட்டுக்கு வா என்றேன். "போன்னா போறதுக்கும் வான்னா வர்றதுக்கும் நான் என்ன பார்சலா? இரு, யோசிக்கணும்" என்றான்.

நியாயம்தான். ஆனால் நடந்து வருகிற வழியெல்லாம் ஒரே கேள்வி. வராமலே போய்விட்டால்? ஐந்தாவது புத்தகம் ஏன் எனக்குப் பிடித்தது என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது. அவன் இல்லாத வாரத்தில், அவன் இல்லாத வாழ்க்கையைப் படித்திருக்கிறேன். மூடி வைத்துவிட்டு, அவன் வந்ததும் எதற்கென்று சொல்லாமல் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

அக்கா நெற்றியில் பட்டையாக ஒரு தடம். "பஞ்சு அமுங்கிடுச்சு. செஞ்சவரைக் கூப்பிடு. வேலைக்குத்தான் கூப்பிடறேன்னு சொல்லு, வேற எதுக்கும் இல்ல."

பதினோரு மணிக்கு வந்தான். கையில் கருவிப் பை மட்டும். சொந்த வீட்டு வாசலில் மணி அடித்துவிட்டு நின்றான். அக்கா கட்டிலில் குப்புறப் படுத்து, தலையை ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணி ஹாலைக் கடந்து அறைக்குள் வந்து, பலகையைத் தரையில் வைத்து மண்டியிட்டான். பழைய துணியைப் பிரித்தான். வாயில் ஆணிகள் ஏறின.

"தம்பி, அந்த டைல் எப்ப பெயர்ந்துச்சு?" என்றாள் அக்கா தரையைப் பார்த்தபடியே.

ஆணிகளை ஒதுக்கிக்கொண்டு, "நாலு வருஷம் இருக்கும்க்கா" என்றான்.

"இந்தப் பத்துப் பன்னெண்டு நாள்ல நான் பார்த்தது எல்லாம் காலுதான். சொட்டு மருந்து போட வந்த நர்ஸ் அதுல இடிச்சுக்கிட்டா. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் இடிச்சுக்கிட்டார். எங்க வீட்டுக்காரர் இடிச்சுக்கிட்டார், நான் ரெண்டு தடவ. இவனைத் தவிர நீங்க மட்டும்தான் கொஞ்சமும் நிக்காம தாண்டி வந்தீங்க."

ஆணி புதுத் துணியை இழுத்து ஓரத்தில் மடித்துப் பிடித்தான்.

"இது உங்க வீடு தம்பி. நான் வந்துட்டுப் போறவ. வந்துட்டுப் போறவளுக்காக வீட்டுக்காரங்க வெளிய போவாங்களா? நீங்க போயிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். தெரியலையே."

டொக், டொக் என்று இரண்டு அடி. மூன்றாவது அடியில் ஆணி வளைந்தது. ஒன்பது வருடத்தில் அவன் அடித்து ஒரு ஆணி வளைந்து நான் பார்த்ததில்லை. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தான்.

பஞ்சு வைத்து முடித்ததும் அக்கா படுத்துப் பார்த்தாள். "இப்ப சொர்க்கம்" என்றாள். அவன் கருவிகளைப் பையில் போட்டான். வாசல்வரை போனான். அங்கேயே நின்றான்.

"பெட்டி கனமா இருக்கு. நான் தூக்க மாட்டேன்" என்றான் என்னிடம்.

சாயங்காலம் நானே போய்த் தூக்கி வந்தேன். மாடிப்படி இறங்கி, இரண்டு தெரு நடந்து, மூன்று பேர் மேல் இடித்துக்கொண்டு. உண்மையிலேயே கனம்தான். இவ்வளவு நாள் எப்படித் தூக்கினான்?

மார்ச் 15, ஞாயிறு

குமிழி பாதியாகிவிட்டது. அக்கா இப்போது உட்காரலாம். பார்வையில் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு ஆடுகிறதாம். படகுக் கதையின் மிச்சம் என்கிறாள்.

துப்பறியும் கதை முடிந்தது. துணி காயப்போடும் சண்டை வந்தபோது அக்காவும் ஆணியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். இது நல்லதற்கில்லை. விதவைகள் கதை பாதியில் இருக்கிறது. லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவனை இரண்டு பேரும் சேர்ந்து திருப்பி அனுப்புகிற இடத்தில் அக்கா கைதட்டினாள்.

"உன் வரிசை தப்புடா. இதுதான் முதல்."

"படகை மிஞ்சி எதுவும் கிடையாது."

"தண்ணியைப் பத்தி அத்தனை பக்கம் பேசறதெல்லாம் ஒரு கதையா?"

விடவில்லை நான். ஒரு மணி நேரம் வாதாடினோம். என் பட்டியலுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சண்டை. சுகமாக இருந்தது.

மார்ச் 18, புதன்

அக்கா கிளம்பினாள். குமிழி கரையும் வரை விமானம் கூடாது, ரயில்தான். பையில் விதவைகளையும் விண்வெளியையும் கேட்காமலே எடுத்து வைத்துக்கொண்டாள். ஐந்தாவதை எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு என் கையில் திருப்பித் தந்தாள்: "இது உனக்கும் வேணாம்."

ஆணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அவன் தலையாட்டினான்.

அத்தானிடம் நான் பேசட்டுமா என்று ரயிலடியில் கேட்டேன்.

"வேணாம், நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா டீச்சராக்கிடுவ."

மார்ச் 19, வியாழன்

போன் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

அத்தான். நேராக என்னிடம். முதலில் வானிலை கேட்டார். வேலை கேட்டார். பிறகு, "அந்தப் பலகை செஞ்சாரே, அவரு முதுகுவலிக்கும் ஏதாச்சும் செஞ்சு தருவாரா?" என்றார். போனை ஆணியிடம் கொடுத்தேன். இருபது நிமிடம் முதுகெலும்பைப் பற்றிப் பேசினார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

புத்தகங்கள் அலமாரிக்கு வந்துவிட்டன, சமையல் புத்தகத்துக்குப் பக்கத்தில். இரண்டு இடம் காலி; அக்கா திருப்பித் தருவாள் என்று நம்பிக்கை இல்லை.

ஆணி காலையில் அந்த அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து, அதன்மேல் சிமெண்ட் குழைத்தான். அடுத்த மாதம் அக்காவும் அத்தானும் வருகிறார்கள். இந்த முறை அத்தான் இடித்துக்கொள்ளக் கூடாதாம். அவன் கரண்டியால் தடவிக்கொண்டிருக்க, நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பதினோராம் அத்தியாயம் படித்தேன். ஒரு சொல் மாற்றவில்லை. கத்தி வருகிற இடத்தில் அவன் கை நின்றது.

"இன்னொரு தடவ படி" என்றான்.

படித்தேன். சிமெண்ட் காய இரண்டு நாள் ஆகுமாம். அதுவரை அதை மிதிக்காமல் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம்தான்.